கடையில் கிடைக்காத பெட்டி

1

"உங்கள் கம்பெனி என்ன விற்கிறது?" என்று கேட்டாள் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த பெண்.

நெதர்லாந்தில் நாங்கள் இருக்கும் ஊரின் குடியேற்ற அலுவலகம் அது. எங்கள் குடும்பத்தின் வசிப்பு அனுமதி என் வேலையை வைத்துத்தான் கொடுக்கப்பட்டிருக்கிறது. வேலை போனால் அனுமதியும் போகும். அதைப் புதுப்பிக்கத்தான் போன வாரம் அங்கே போய் உட்கார்ந்தேன்.

"இன்னும் எதுவும் விற்கவில்லை" என்றேன்.

அவள் கணினியிலிருந்து கண்ணை எடுத்தாள். "அப்படியானால் உங்களுக்கு யார் சம்பளம் கொடுக்கிறார்கள்?"

"நீதான்" என்றேன்.

நீங்களெல்லாம், அதாவது அரசாங்கம், என்று சொல்ல நினைத்தேன். டச்சு மொழியில் 'நீ', 'நீங்கள்', 'நீங்களெல்லாம்' என்று மூன்று சொற்கள் இருக்கின்றன. அவசரத்தில் எனக்கு எப்போதும் தப்பான ஒன்றுதான் வாயில் வரும். தாம்பரம் தாலுகா ஆபீஸில் ஒரு அதிகாரியைப் பார்த்து, "எனக்குச் சம்பளம் கொடுக்கிறவ நீதான்" என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அவள் ஒரு கணம் முறைத்தாள். பிறகு சிரித்துவிட்டாள்.

"நான் கொடுக்கிறேனா? எதற்கு?"

"இன்னும் உலகத்தில் இல்லாத ஒரு பெட்டிக்கு."

அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் விளக்க வேண்டியிருந்தது. கடைசியில் அவள் முத்திரை குத்தினாள். வெளியே வந்து சைக்கிளை எடுத்தேன். ஆறு மாதமாக நெஞ்சில் இருந்த கல் ஒன்று இறங்கியிருந்தது.

ஊரிலிருந்து போன் செய்கிற சொந்தக்காரர்கள், "ஹெப்சி, அங்க என்ன வேலை பாக்குற?" என்று கேட்டால் "கம்ப்யூட்டர்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவேன். அந்தப் பெண்ணுக்கே விளக்கியாகிவிட்டது. உங்களுக்கும் ஒரு முறை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன்.

2

நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது பம்மலில் ஒரு தோல் பொருள் கிடங்கு தீப்பிடித்தது. செருப்புக்கு ஒட்டும் பசையும் தின்னர் டின்களும் உள்ளே இருந்தன. என் அப்பாவின் தம்பி பாக்கியநாதன் சித்தப்பா தீயணைப்பு வீரர். வண்டியில் வந்து இறங்கி முதலில் உள்ளே போனவர்களில் அவரும் ஒருவர். அவர் வீடு பக்கத்துத் தெருவிலேயே இருந்ததால் சித்தியும் ஓடி வந்துவிட்டாள். விருந்தாளியாகப் போயிருந்த நானும் அம்மாவும் அவள் பின்னால் ஓடினோம்.

எனக்கு நெருப்பு நினைவில் இல்லை, புகைதான் நினைவிருக்கிறது. கறுப்பாக, கெட்டியாக, கண்ணைத் திறக்க விடாத புகை. சித்தி போலீஸ் கட்டியிருந்த கயிற்றைத் தாண்டி உள்ளே போகப் பார்த்தாள். ஒரு போலீஸ்காரர் தடுத்தார்.

"எங்க வூட்டுக்காரு உள்ள கீறாரு சார். எந்தப் பக்கம் கீறாரு, அத மட்டும் சொல்லுங்க."

"கீறாரும்மா, வந்துடுவாரு."

"எந்தப் பக்கம் சார்?"

யாருக்கும் தெரியவில்லை. தீயணைப்பு அதிகாரிக்கும் தெரியவில்லை. அது அவர் குற்றமில்லை. அந்தப் புகைக்குள் போன ஆளை வெளியிலிருந்து பார்க்க உலகத்தில் எவரிடமும் அன்று ஒரு வழி இல்லை. கூப்பிட்டுப் பார்த்தார்கள், பதில் இல்லை. சித்தி என் கையைப் பிடித்த பிடியில் வளையல் உடைந்து குத்தியது.

சித்தப்பா பின்பக்கச் சந்து வழியாக, ஒரு வீட்டுச் சுவரேறிக் குதித்து, எங்களுக்குப் பின்னாலிருந்து நடந்து வந்தார். முகமெல்லாம் கரி. "இன்னாத்துக்கு அழுவுற? தண்ணி குடு" என்றார். சித்தி தண்ணீர் கொடுக்கவில்லை. அவர் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். கூட்டம் சிரித்தது.

நானும்தான் சிரித்தேன். ஆனால் "எந்தப் பக்கம் சார்?" என்ற அந்தக் கேள்வி மட்டும் போகவில்லை. எலெக்ட்ரானிக்ஸ் படித்து, குரோம்பேட்டையில் கொஞ்ச நாள் வேலை பார்த்து, கல்யாணம் ஆகி, கணவர் ஜான்சனோடு இங்கே வந்து, விம் என்கிற ஒரு டச்சுக்காரர் நடத்தும் குட்டிக் கம்பெனியில் சேர்ந்தபோதும் அது என்னோடு வந்தது.

3

விம் ஒரு நாள் காலை அரசாங்க அறிவிப்பு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். பல ஊர்த் தீயணைப்புத் துறைகள் ஒன்று சேர்ந்து ஒரு தேவையைச் சொல்லியிருந்தன. புகை நிறைந்த கட்டடத்துக்குள் போகும் வீரர் எந்த மாடியில், எந்த அறையில் இருக்கிறார் என்று வெளியே நிற்கிற தலைவருக்குத் தெரிய வேண்டும். அப்படி ஒரு கருவி எந்தக் கடையிலும் இல்லை. ஆகவே அதை வாங்க முடியாது. அதைக் கண்டுபிடிக்கும் முயற்சியைத்தான் அவர்கள் வாங்குகிறார்கள்.

இதற்கு இங்கே ஒரு நீளமான பெயர் உண்டு. தமிழில் வேண்டுமானால் 'சந்தைக்கு வருமுன் கொள்முதல்' என்று சொல்லலாம். முதலில் பல கம்பெனிகளிடம் யோசனை கேட்பார்கள். நல்ல யோசனை உள்ளவர்களுக்குப் பணம் கொடுத்து, காகிதத்தில் வடிவமைத்துக் காட்டச் சொல்வார்கள். அதில் தேறியவர்களுக்கு மட்டும் மாதிரிக் கருவி செய்யப் பணம். அதிலும் தேறுகிறவர்கள் கொஞ்சம் கருவிகள் செய்து, நிஜமான தீயணைப்பு நிலையங்களில் கொடுத்துப் பார்க்கலாம். கண்டுபிடிப்பின் உரிமை கம்பெனிக்கே. ஆனால் கடைசியில் உன்னிடம்தான் வாங்குவேன் என்று அரசாங்கம் வாக்குக் கொடுக்காது. அதற்குத் தனியாக டெண்டர் வைப்பார்கள்.

நான் இதைச் சித்தப்பாவுக்கு இண்டர்நெட் போனில் சொன்னேன். அப்போது அவர் ஓய்வு பெற்று பம்மல் வீட்டில் இருந்தார்.

"இரு, இரு. பொருளே இல்ல. ஆனா கவுருமெண்டு துட்டு குடுக்குது?"

"ஆமா சித்தப்பா."

"ஒருத்தனுக்கு இல்ல, நாலு பேருக்கு."

"ஆமா."

"அதுல மூணு பேரு ஃபெயிலாயிடுவான்னு தெரிஞ்சே குடுக்குது?"

"யாரு ஃபெயிலாவான்னு முன்னாடி தெரியாதே. அதனாலதான்."

 

"நல்லா கீதே" என்றார்.

முதல் கட்டத்தில் தேறினோம். இரண்டாம் கட்டத்தில் எங்களோடு ஸ்வீடனைச் சேர்ந்த ஒரு கம்பெனியும் இன்னும் சிலரும் இருந்தார்கள். எல்லாரும் எங்களைவிடப் பெரியவர்கள். இந்த வேலையைத் தவிர எங்கள் கம்பெனிக்கு வேறு வருமானம் இல்லை. தேறாவிட்டால் கதவைச் சாத்திவிட வேண்டியதுதான் என்று விம் ஒளிக்காமல் சொன்னார். அதாவது என் வேலை போகும், வசிப்பு அனுமதி போகும், மிரியத்தின் பள்ளிக்கூடம் போகும். மிரியம் எங்கள் மகள், ஒன்பது வயது. நான் தமிழில் கேட்டால் டச்சில் பதில் சொல்வாள். 'நம்ம ஊரு' என்று நான் சொல்கிற இடம் அவளுக்கு விடுமுறைக்குப் போகும் இடம். அவளை மூட்டை கட்டித் தாம்பரத்தில் கொண்டுபோய் விட்டால் எந்தப் பள்ளிக்கூடத்தில், எந்த மொழியில் உட்காருவாள்?

4

அந்த வருஷக் கடைசியில் அம்மாவைப் பார்க்க மிரியத்தோடு தாம்பரம் போனேன். சித்தப்பாவிடம் காட்ட வேண்டும் என்று விமிடம் சொல்லிவிட்டு, நாங்கள் செய்த மாதிரிப் பெட்டி ஒன்றையும் எடுத்துப் போனேன். வெப்பமும் ஈரமும் உள்ள ஊரில் அது எப்படி நடந்துகொள்கிறது என்று சும்மா பார்க்கலாமே என்றும் இருந்தது. சோப்புப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது, நெஞ்சில் மாட்டிக்கொள்ள வேண்டும். மீனம்பாக்கம் விமான நிலையத்தில் கஸ்டம்ஸ்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது இன்னா மேடம்?"

"ஆள் எந்த மாடில இருக்காங்கன்னு சொல்லும் சார்."

"அதான் ஆளையே கேக்கலாமே" என்று சொல்லிவிட்டுக் கொடுத்துவிட்டார்.

பெட்டி மாடியைக் கண்டுபிடிப்பது காற்றின் அழுத்தத்தை வைத்து. மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும். ஒரு மாடி ஏறினால் எவ்வளவு குறையும் என்பது கணக்கு. எங்கள் ஆய்வகத்தில் அரை மணி நேரப் பரிசோதனைகளில் அது ஒரு முறைகூடத் தப்பியதில்லை.

கிழக்குத் தாம்பரத்தில் அம்மா இருப்பது லிஃப்ட் இல்லாத ஒரு ஃபிளாட்டின் தரைத்தளத்தில். ஒரு நாள் காலை சித்தப்பா பம்மலிலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து வந்தார். பெட்டியை மாட்டிக்கொண்டு மாடிப்படி ஏறினார், இறங்கினார். நான் ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு பார்த்தேன். முதல் மாடி, இரண்டாம் மாடி, மூன்றாம் மாடி, மொட்டை மாடி, எல்லாம் சரியாகக் காட்டியது. மூன்றாம் மாடி மாமி, "யாருங்க, மீட்டர் பாக்கவா?" என்று கேட்டாராம். "ஆமாம்மா, என்ன மீட்டர் போட்டுப் பாக்குறாங்க" என்று சொல்லிவிட்டு வந்தார்.

அப்போது மழை பிடித்தது. வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று டிவியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். முடிச்சூர் பக்கம் தெருவில் தண்ணீர், அனகாபுத்தூரில் ஆற்றோரத்து வீடுகளைக் காலி செய்கிறார்கள் என்று செய்தி. பஸ் ஓடவில்லை. சித்தப்பா திரும்பிப் போக முடியாமல் எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டார். சாயங்காலம் வரை பெட்டியைக் கழற்ற மறந்து, நெஞ்சில் மாட்டியபடியே சோபாவில் உட்கார்ந்து அம்மா போட்ட டீயைக் குடித்துக்கொண்டிருந்தார்.

லேப்டாப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மிரியம் திடீரென்று சிரித்தாள். அந்தப் பயணத்தில் அவள் முழுசாகத் தமிழில் சொன்ன முதல் வாக்கியம் அதுதான்.

"அம்மா, தாத்தா பறக்குறாங்க!"

திரையைப் பார்த்தேன். சித்தப்பாவின் பச்சைப் புள்ளி மொட்டை மாடிக்கும் மேலே, வெறும் ஆகாயத்தில் நின்றது.

"நா இங்க குந்திகினு டீ குடிக்கிறேன். ஒம் பொட்டி இன்னா சொல்லுது?" என்று எட்டிப் பார்த்தார் சித்தப்பா.

அவர் சிரித்தார், அம்மா சிரித்தாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. காரணம் உடனே புரிந்துவிட்டது. வெளியே மழை வலுக்க வலுக்க ஊர் முழுக்கக் காற்றழுத்தம் இறங்கிக்கொண்டே இருந்தது. ஆள் மேலே ஏறிவிட்டதாகப் பெட்டி அதை எடுத்துக்கொண்டது. அரை மணியில் தெரியாத தவறு, ஒரு பகல் முழுக்க ஓடவிட்டதும் தெரிந்தது. நிஜமான தீ ஒன்றில், புயல் வீசும் நாளில், கீழ் மாடியில் மயங்கிக் கிடக்கிறவரைத் தேடி மேல் மாடிக்கு ஆள் அனுப்பியிருப்போம்.

சித்தப்பா என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார்.

"இன்னாம்மா, பெரிய பேஜாரா?"

"ஆமா சித்தப்பா."

"இப்பத் தெரிஞ்சுது பாரு. அது நல்லதுதான?"

மழை விட மூன்று நாள் ஆயிற்று. அதற்குள் வழியும் கிடைத்துவிட்டது. இன்னொரு பெட்டியைத் தரையில், தீயணைப்பு வண்டியிலேயே வைத்துவிட வேண்டும். ஊரில் அழுத்தம் இறங்கினால் இரண்டு பெட்டியிலும் சேர்ந்து இறங்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் பார்த்தால் ஆள் இருக்கும் உயரம் சரியாக வந்துவிடும். சொன்னால் எவ்வளவு எளிது! அதுவரை எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

5

திரும்பி வந்து சொன்னதும் விம் சந்தோஷப்படவில்லை. வெளுத்துப் போனார்.

"இந்தியாவில் வைத்துப் பரிசோதனை செய்தாயா?"

எங்கள் ஒப்பந்தத்தில் ஒரு விதி இருக்கிறது. இந்தப் பணத்தில் நடக்கும் ஆராய்ச்சியில் பெரும்பகுதி ஐரோப்பிய நாடுகளுக்குள்தான் நடக்க வேண்டும். அதை மீறினால் போட்டியிலிருந்து விலக்கிவிடலாம். நான் விடுமுறையில் வீட்டு ஹாலில் செய்தது அந்தக் கணக்கில் வருமா என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. தவறைச் சொல்லாமல் திருத்தத்தை மட்டும் செய்துவிடலாம். ஆனால் எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்பார்களே. அதைவிட, இப்படி ஒரு தவறு இருந்தது என்பதே நம்மைத் தள்ளிவிடப் போதாதா?

நம் ஊர் டெண்டர்களைப் பற்றிக் கேள்விப்பட்டு வளர்ந்த மூளை என்னுடையது. குறையை வாயைத் திறந்து சொல்கிறவன் அங்கே அன்றோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். விமோ, "நடந்ததை நடந்தபடி எழுது" என்றார். எழுதி அனுப்பினேன். பதில் வரும்வரை தபால்காரர் சைக்கிள் மணி அடித்தாலே எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஜான்சன் சத்தமில்லாமல் சென்னையில் வேலை தேடத் தொடங்கியிருந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

கொள்முதல் அதிகாரி ஒரு வயதான பெண்மணி. பதில் எழுதாமல் நேராகப் போன் செய்தார்.

"பெரும்பகுதி என்றுதான் விதி சொல்கிறது, முழுதும் என்று இல்லை. உங்கள் அம்மாவின் ஹால் எந்தச் சிக்கலையும் தராது" என்றார். பிறகு, "அந்தத் தவறு இப்போது தெரிந்தது எங்களுக்கு எவ்வளவு நல்லது தெரியுமா? எங்கே தவறும் என்று தெரிந்துகொள்ளத்தானே பணம் கொடுக்கிறோம்" என்றார்.

போனை வைத்துவிட்டு அலுவலகக் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். நிம்மதியிலும் அழுகை வரும் என்று அன்றுதான் தெரிந்தது.

6

இரண்டாம் கட்டத்தின் கடைசித் தேர்வு வசந்த காலத்தில் ஒரு காலையில் நடந்தது. தீயணைப்புப் பயிற்சிக்கென்றே கட்டிய கான்கிரீட் கட்டடம். தரைத்தளமும் இரண்டு மாடியும் இருந்தன. கீழே ஒரு நிலவறையும் உண்டு, ஆனால் அன்றைய பயிற்சியில் அது சேரவில்லை. உள்ளே எரிவாயு நெருப்பு, செயற்கைப் புகை. வீரர்கள் இரண்டிரண்டு பேராக உள்ளே போவார்கள். நெஞ்சில் எங்கள் பெட்டி. வெளியே வண்டிக்குப் பக்கத்தில் மேசை போட்டு, திரைக்கு முன்னால் நானும் விமும். பக்கத்தில் தலைவர் ஹெங்க், நெட்டையானவர், பேசவே யோசிப்பவர். ஒப்பந்தத்தின்படி இது வெறும் சோதனை. திரையைப் பார்த்து அவர் எந்த முடிவும் எடுக்கக் கூடாது.

முதல் ஜோடி போய் வந்தது. நன்றாக இருந்தது. இரண்டாம் ஜோடியில் பாஸ் என்கிற அனுபவசாலியும் யோஸ்ட் என்கிற புதியவரும் இருந்தார்கள். இரண்டாம் மாடியில் ஆள் அளவுப் பொம்மை ஒன்றைத் தேடி எடுத்து வர வேண்டும். திரையில் இரண்டு பச்சைப் புள்ளிகளும் மேலே போயின, திரும்பின. புகை அதிகமாகிக் கட்டடமே தெரியவில்லை.

கதவு வழியாக பாஸ் மட்டும் வெளியே வந்தார். கையில் பொம்மை. பின்னால் திரும்பிப் பார்த்தார். யாரும் வரவில்லை. முகமூடியைக் கழற்றினார்.

"யோஸ்ட் வரவில்லையா? படியில் என் பின்னால்தான் இருந்தான்."

ஹெங்க் வயர்லெஸ்ஸில் கூப்பிட்டார். இரைச்சல் மட்டும் வந்தது. மறுபடி கூப்பிட்டார். நெருப்பை நிறுத்தச் சொன்னார், நெருப்பு நின்றது. புகை போக நேரம் ஆகும். அந்தப் பையன் முதுகில் இருந்த காற்று சிலிண்டரில் மிச்சம் அதிகம் இல்லை. பெட்டி மாட்டித் தயாராக நின்ற இரண்டு மீட்பு வீரர்கள் கதவருகே வந்துவிட்டார்கள். பாஸ், "இரண்டாம் மாடியில்தான் இருக்க வேண்டும், அங்கே திரும்பிப் போயிருப்பான்" என்றார். எல்லாருக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது.

நான் திரையைப் பார்த்தேன். பாஸின் புள்ளி வெளியே இருந்தது. யோஸ்டின் புள்ளி சிக்னல் குறைந்து மஞ்சளாகி மங்கி மங்கித் தெரிந்தது. தரைத்தளத்துக்கும் கீழே. ஆள் போகவே கூடாத நிலவறையில்.

தாம்பரத்தில் ஆகாயத்தில் நின்ற புள்ளி ஞாபகம் வந்தது. மறுபடியும் அதே தவறா? வண்டியில் இருந்த பெட்டியின் எண்ணைப் பார்த்தேன். காலையிலிருந்து நகரவில்லை. முதல் ஜோடியின் கணக்கெல்லாம் சரியாக வந்திருந்தது. பெட்டி சொல்வது உண்மை என்றால், இந்த இருவரையும் மேலே அனுப்புவது அந்தப் பையனைக் கைவிடுவது. பெட்டி பொய் என்றால், நான் சொல்வது அவனைக் கைவிடுவது.

ஹெங்க் என் பக்கம் குனிந்தார். "எங்கே?" என்று மட்டும் கேட்டார்.

டச்சில் மேலே என்பதற்கு 'போவன்', கீழே என்பதற்கு 'பெனேடன்'. இத்தனை வருஷத்தில் இந்த இரண்டையும் நான் மாற்றிச் சொல்லாத வாரம் இல்லை. இப்போது மாற்றிச் சொன்னால்?  நான் எழுந்து நின்று தரையைப் பார்த்துக் கையை இரண்டு முறை குத்தினேன்.

"கீழ! கீழ இருக்கான்! அடியில!"

தமிழில் கத்தினேன். தாம்பரம் ஸ்டேஷனில் ஓடுகிற ரயிலைப் பார்த்துக் கத்துவது போலக் கத்தினேன். ஹெங்க் என் கையைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். ஒரு மூச்சு இழுக்கும் நேரம்தான். பிறகு வீரர்களைப் பார்த்து, "நிலவறை. போங்கள்" என்றார்.

அவர்கள் புகைக்குள் போனார்கள். அவர்களுடைய புள்ளிகள் படியில் இறங்கின. விம் என் தோளைப் பிடித்திருந்தார்.  இரண்டு பச்சைப் புள்ளிகள் மஞ்சள் புள்ளியின் பக்கம் போய், அதன் மேலேயே நின்றன. வயர்லெஸ்ஸில் குரல் வந்தது.

"கிடைத்துவிட்டான். மூச்சு இருக்கிறது."

தரைத்தளத்தில், நிலவறைக்குப் போகும் கதவு எப்படியோ திறந்திருந்திருக்கிறது. புகையில் அதை வெளிவாசல் என்று நினைத்துக் காலை வைத்து உருண்டிருக்கிறான். வயர்லெஸ் உடைந்து, மணிக்கட்டு முறிந்து, தலையில் அடிபட்டு மயங்கிக் கிடந்தான். வெளியே கொண்டுவந்து முகமூடியைக் கழற்றியதும் இருமினான். அந்த இருமல் சத்தத்தைப் போல இனிமையான ஒன்றை நான் சமீபத்தில் கேட்டதில்லை. ஹெங்க் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார். என்னிடம், "நீங்கள் என்ன மொழியில் சொன்னீர்கள்?" என்றார்.

"தமிழ்."

"நன்றாகப் புரிந்தது" என்றார்.

7

சோதனைக் கருவியை வைத்து எப்படி முடிவெடுக்கலாம் என்று விசாரணை நடந்தது. எல்லாரிடமும் கேட்டார்கள். ஹெங்க், "எடுத்தேன், மறுபடி நேர்ந்தாலும் எடுப்பேன்" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டாராம். தேர்வின் முடிவை அது பாதிக்காது என்று கடைசியில் சொன்னார்கள். கணக்குகளை வைத்துத்தான் மதிப்பிட்டார்கள். மூன்றாம் கட்டத்துக்கு இரண்டு கம்பெனிகள் தேறின. ஸ்வீடன்காரர்களும் நாங்களும். விம் அலுவலகத்துக்குக் கேக் வாங்கி வந்தார். ஜான்சன் சென்னையில் தேடிய வேலையைப் பற்றி அன்றுதான் சொன்னார், சொல்லிவிட்டுச் சிரித்தார். மிரியம் மட்டும் எதுவும் தெரியாமல் நீச்சல் வகுப்புக்குப் போய் வந்தாள். தெரியாமலே இருக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து சித்தப்பாவைக் கூப்பிட்டேன். முழுக்கச் சொன்னேன். அவர் பெட்டியைப் பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

"அந்த இன்னொருத்தன் எப்டிக் கீறான்?" என்று கேட்டார்.

"மணிக்கட்டுல கட்டு போட்டிருக்காங்க சித்தப்பா. வீட்டுக்கு வந்துட்டான்."

"அவன் இல்லம்மா. தனியா வெளிய வந்தான் பாரு, பொம்மையத் தூக்கிகினு. அவன்."

பாஸை நான் மறந்தே போயிருந்தேன்.

"கூட வந்தவன உள்ள வுட்டுட்டு வந்தவன் சும்மா இருக்க மாட்டான். அவனாண்ட யாரும் பேசியும் இருக்க மாட்டாங்கோ. நீ போய்ப் பாரு."

மறுநாள் வேலைக்குப் போகும் வழியில் தீயணைப்பு நிலையத்துக்குப் போனேன். பாஸ் முற்றத்தில் ரப்பர் குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தண்ணீரை நிறுத்தினார். ஊரில் என் சித்தப்பாவும் தீயணைப்பு வீரர்தான், அவர்தான் உங்களைப் பார்த்து வரச் சொன்னார் என்று என் உடைந்த டச்சில் சொன்னேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு வண்டியின் படியில் உட்கார்ந்தார். எனக்கும் இடம் விட்டார்.

 குழாய்களைப் பார்த்தபடியே மெதுவாகக் கேட்டார்.

"அவன் கீழே விழுந்த அந்த நிமிஷமே உங்கள் திரையில் தெரிந்திருக்கும், இல்லையா?"

"தெரிந்திருக்கும். நாங்கள்தான் புகையையே பார்த்துக்கொண்டிருந்தோம்."

"நான் அவனிடமிருந்து பத்தடி தூரத்தில் இருந்தேன்" என்றார். "மேசையில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிகிறது. எனக்கு ஏன் தெரியவில்லை?"

 இத்தனை மாதம் தலைவருக்குத் தெரிய வேண்டும், தலைவருக்குத் தெரிய வேண்டும் என்றே வேலை செய்திருந்தோம். உள்ளே போகிறவருக்குத் தன் துணை எங்கே என்று தெரிய வேண்டும் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

"தெரியும்படி செய்யலாம்" என்றேன். "அதற்குத்தான் இன்னும் ஒரு கட்டம் இருக்கிறது."

அவர் முதல் முறையாக என் முகத்தைப் பார்த்தார். யோஸ்ட் நேற்று மாவுக்கட்டோடு வந்து தன்னைச் சீட்டாட்டத்தில் தோற்கடித்துவிட்டுப் போனதாகச் சொன்னார். சொல்லும்போது சிரிப்பு வந்துவிட்டது. எழுந்து மறுபடி தண்ணீரைத் திறந்தார்.

நான் சைக்கிளை நிறுத்திய இடத்திலிருந்தே விமுக்குப் போன் செய்தேன்.

"பெட்டியில் ஒரு விளக்கு வேண்டும்" என்றேன். "கூட வந்த ஆள் விலகிப் போனால் உடனே எரிய வேண்டும்."

"திரையில்தானே?" என்று கேட்டார் விம்.

"இல்லை, உள்ளே" என்றேன். "துணைக்குப் போகிறவரின் நெஞ்சில்."